நடுவில் நிற்கும் கணினி

வலைப்பின்னலின் வரலாறு: அத்தியாயம் 18

சென்ற அத்தியாயத்தில் மோரிஸ் புழுவைப் பார்த்தோம். 1988 நவம்பர் 2 அன்று புறப்பட்ட, தானே பரவும் நிரலான அந்தப் புழு, ஒரு கணினிக்குள் நுழைந்ததும் தேடியவற்றில் முக்கியமானது ஒரு பட்டியல். அந்தக் கணினியோடு நம்பிக்கை உறவில் இருக்கும் மற்றக் கணினிகளின் பட்டியல் அது. பெயர் கிடைத்த இடத்துக்கெல்லாம் புழு ஒரு கட்டளையை அனுப்பிப் பார்த்தது. பாஸ்வேர்ட் கேட்காமலேயே பல கணினிகள் அதை நிறைவேற்றின.

தொலைவில் இருக்கும் ஒரு கணினியில், அதுவும் நடுவில் இன்னொரு கணினியின் வழியாக, கட்டளையை இயக்கும் வழக்கம் எப்படி வந்தது, அதைப் பத்திரமாகச் செய்யக் கற்றுக்கொள்ள ஏன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது என்பதே இந்த அத்தியாயம். ஒரே கேள்விதான் இதில் திரும்பத் திரும்ப வரும்: நடுவில் நிற்கும் கணினியை எவ்வளவு நம்பலாம்?

பெர்க்லியின் நம்பிக்கை

1983-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பு வெளிவந்தது. டிசிபி/ஐபி-யோடு பரவலாகப் போய்ச் சேர்ந்த யூனிக்ஸ் அதுதான். அதில் ஆர்லாகின், ஆர்எஸ்எச் என்று இரண்டு சிறு நிரல்கள் இருந்தன. முதலாவது, இன்னொரு கணினிக்குள் போய் உட்கார்ந்து வேலை செய்ய. இரண்டாவது, ஒரே ஒரு கட்டளையை அங்கே இயக்கி, விடையை இங்கே வாங்கிக்கொள்ள.

இந்த இரண்டாவது வசதியின் அருமை, அதைத் தினமும் பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கணினியில் இருக்கும் கோப்பைப் படித்து, அதன் வரிகளை இன்னொரு கணினியில் வரிசைப்படுத்தி, மூன்றாவதில் அச்சிட முடிந்தது. ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேட்டால் இது நடக்காது. அதனால் பெர்க்லிக்காரர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு கணினியிலும் ‘ஹோஸ்ட்ஸ் ஈக்விவ்’ என்றொரு கோப்பு. ஒவ்வொரு பயனருக்கும் ‘ஆர்ஹோஸ்ட்ஸ்’ என்றொரு கோப்பு. அவற்றில் பெயர் இருக்கும் கணினியிலிருந்து வருகிறவரை அப்படியே உள்ளே விடலாம்.

வருகிறவர் உண்மையிலேயே அந்தக் கணினியிலிருந்துதான் வருகிறார் என்பதற்கு இரண்டே சான்றுகள் இருந்தன. ஒன்று, அனுப்புகிறவரின் ஐபி முகவரி. இன்னொன்று, 1024-க்குக் கீழுள்ள போர்ட் எண். யூனிக்ஸில் அந்த எண்களை ரூட், அதாவது முழு அதிகாரம் கொண்ட நிர்வாகக் கணக்கு, மட்டுமே திறக்க முடியும். ரூட் அதிகாரம் உள்ளவர்கள் ஒருவரையொருவர் நேரில் அறிந்திருந்த காலம் அது. அந்தச் சூழலுக்கு அந்தச் சான்றுகள் போதும் என்று தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் நம்பிக்கை சங்கிலியாக நீண்டது. முதல் கணினி இரண்டாவதை நம்பும். இரண்டாவது மூன்றாவதை நம்பும். மூன்றாவதைப் பிடித்தவர் முதலாவதுக்குள் நுழைந்துவிடலாம். யாரும் திட்டமிடாமலேயே ஒவ்வொரு கணினியும் இன்னொன்றுக்கு வழியாக மாறிப்போனது. 1985-இலேயே 4.2பிஎஸ்டியின் டிசிபி/ஐபி நிரலில் ஒரு பலவீனம் இருக்கிறது, அதை வைத்து நம்பிக்கைக்குரிய கணினியைப் போல நடிக்கலாம் என்று ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியானது. எழுதியவர் ராபர்ட் டி. மோரிஸ். மூன்று ஆண்டுகள் கழித்துப் புழுவை எழுதிய அதே மோரிஸ்.

75 சென்ட்

நடுவில் நிற்கும் கணினியால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதை உலகுக்குக் காட்டியவர் ஒரு வானியலாளர். 1986 ஆகஸ்டில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணினிக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அதைச் சரிபார்க்கும் வேலை க்ளிஃபோர்ட் ஸ்டோல் என்ற அந்த வானியலாளருக்கு வந்தது. தேடிப் போனபோது, யாரோ ஒருவர் வெளியிலிருந்து ஆய்வகக் கணினிக்குள் நுழைந்து ரூட் அதிகாரம் பெற்றிருப்பது தெரிந்தது.

நுழைந்தவருக்கு அந்த ஆய்வகத்தின் இயற்பியலில் அக்கறை இல்லை. அவருக்கு அது ஒரு படிக்கட்டு. அங்கிருந்து மில்நெட் என்ற ராணுவ வலைப்பின்னலுக்குள் போய், ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார். 1988-இல் ஸ்டோல் எழுதிய கட்டுரையின்படி, அவர் சுமார் 450 கணினிகளை முயன்று, முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் நுழைந்தார். ராணுவக் கணினிகளின் பதிவேட்டில் பதிந்ததெல்லாம் ஒரு மதிப்புமிக்க ஆய்வகத்தின் முகவரிதான்.

ஸ்டோல் அவரை உடனே வெளியேற்றவில்லை. ஆய்வகத்துக்குள் வரும் இணைப்புகளில் பிரின்டர்களை மாட்டி, அந்நியர் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அச்சிட்டு வைத்தார். அவர் எந்தக் கணினிக்குப் போகிறார், என்ன பாஸ்வேர்ட் தருகிறார், எந்தக் கோப்பைப் படிக்கிறார் என்று எல்லாம் காகிதத்தில் வந்து விழுந்தன. தடம் கடைசியில் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் மார்க்கஸ் ஹெஸ் என்பவரிடம் போய் முடிந்தது. களவாடிய தகவலை அவரும் கூட்டாளிகளும் சோவியத் உளவுத்துறைக்கு விற்றிருந்தார்கள்.

இந்தக் கதையைத் துப்பறியும் கதையாகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் வரலாற்றுக்கு அது தரும் பாடம் வேறு. நடுவிலிருந்த கணினியின் பொறுப்பாளரால் அந்த வழியாகப் போன அனைத்தையும் படிக்க முடிந்தது. அன்று படித்தவர் ஸ்டோல் என்பதால் நன்மை விளைந்தது. அதே இடத்தில் திருடன் உட்கார்ந்தால்?

அந்த நாளும் வந்தது. 1994 பிப்ரவரி 3 அன்று கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வலைப்பின்னலில் கடந்துபோகும் தரவை ஒட்டுக்கேட்டு, பல்லாயிரக்கணக்கான கணினிகளுக்கான நுழைவுத் தகவலை ஊடுருவல்காரர்கள் ஏற்கெனவே திரட்டிவிட்டார்கள் என்றது அது. டெல்நெட், எஃப்டிபி, ஆர்லாகின் எல்லாமே பாஸ்வேர்டைத் திறந்த எழுத்தாகத்தான் அனுப்பின.

அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, மோரிஸ் 1985-இல் எழுதிய எச்சரிக்கை உண்மையானது. சான் டியேகோ பகுதியில் சுடோமு ஷிமோமுரா என்ற ஆய்வாளரின் கணினிகள் தாக்கப்பட்டன. அவரிடமிருந்த ஒரு கணினி அவரது இன்னொரு சர்வரை நம்பியது. தாக்கியவர் முதலில் அந்தச் சர்வரை வெற்று இணைப்புக் கோரிக்கைகளால் நிறைத்து வாயடைக்கச் செய்தார். பிறகு, நம்பும் கணினி தன் இணைப்புகளுக்குத் தரும் வரிசை எண் ஒவ்வொரு முறையும் 128,000 கூடுவதைக் கண்டுபிடித்தார். அடுத்த எண்ணை ஊகித்து, சர்வரின் முகவரியைப் போட்டுக்கொண்டு ஆர்எஸ்எச் வழியாக ஒரே ஒரு கட்டளையை அனுப்பினார். விடை தனக்கு வராது என்று தெரிந்தே அனுப்பினார். ரூட்டின் ஆர்ஹோஸ்ட்ஸ் கோப்பில் இரண்டு கூட்டல் குறிகளைச் சேர்க்கச் சொன்னது அந்தக் கட்டளை. எந்தக் கணினியிலிருந்து யார் வந்தாலும் நம்பு என்பது அதன் பொருள்.

பெர்க்லியின் ஏற்பாட்டுக்கு அத்தோடு மதிப்பு போனது.

ஹெல்சிங்கியிலிருந்து ஒரு விடை

1995-இன் தொடக்கத்தில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலிலும் ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகள் அதில் சிக்கியிருந்தன. அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனென் சில மாதங்களில் ஒரு மாற்று நிரலை எழுதினார். டெல்நெட், ஆர்லாகின், ஆர்எஸ்எச் மூன்றின் வேலையையும் மறையாக்கத்தோடு செய்யும் நிரல் அது. எஸ்எஸ்எச் என்று பெயர் வைத்தார். எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவில் 22 காலியாக இருந்தது. அந்த எண்ணைக் கேட்டு, போர்ட் எண்களை ஒதுக்கும் ஐஆனா அமைப்புக்கு 1995 ஜூலையில் மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாளே கிடைத்தது. அந்த மாதமே நிரலை இலவசமாக வெளியிட்டார். ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள்.

அந்த வேகத்துக்கு ஒரு காரணம், அவர் பயனர்களின் பழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. ஆர்எஸ்எச் என்று தட்டிய இடத்தில் எஸ்எஸ்எச் என்று தட்டினால் போதும். இன்னொரு காரணம் அரசியல். வலுவான மறையாக்கத்தை அமெரிக்கா அன்று போர்த்தளவாடங்களின் பட்டியலில் வைத்து ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது. ஃபின்லாந்துக்கு அந்தத் தளை இல்லை.

அதே 1995-இன் ஆகஸ்ட் 15 அன்றுதான் இந்தியாவில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அன்றைய ஷெல் அக்கவுன்ட் வைத்திருந்தவர்கள் மோடத்தால் விஎஸ்என்எல்லின் யூனிக்ஸ் கணினியை அழைத்து, அதில் உட்கார்ந்துகொண்டுதான் உலகின் மற்றக் கணினிகளுக்குப் போனார்கள். நம்மவர்களில் ஒரு தலைமுறைக்கு இன்டர்நெட் அறிமுகமானதே நடுவில் நிற்கும் ஒரு கணினியின் வழியாகத்தான்.

எஸ்எஸ்எச்சின் பிற்கால உரிமக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, ஓபன்பிஎஸ்டி குழுவினர் அதன் பழைய, தாராள உரிமப் பதிப்பிலிருந்து ஓபன்எஸ்எஸ்எச்சை உருவாக்கினார்கள். 1999 டிசம்பரில் ஓபன்பிஎஸ்டி 2.6-உடன் அது வெளிவந்தது. இன்று பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் இருப்பது அதுதான்.

ஒரு கட்டளை, இரண்டு ஷெல்

இதற்கிடையில் நிறுவனங்கள் தங்கள் வலைப்பின்னலைச் சுற்றி ஃபயர்வால் எழுப்பத் தொடங்கியிருந்தன. ஏடி அண்ட் டி பெல் ஆய்வகத்தின் பில் செஸ்விக் 1990-இல் தங்கள் நுழைவாயிலின் வடிவமைப்பை வெளியிட்டார். வெளியே ஒரு கணினி, உள்ளே ஒரு கணினி. வெளியே இருப்பது என்றாவது பிடிபடும் என்று வைத்துக்கொண்டே உள்ளே இருப்பதை அமைக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. அந்தக் கொள்கையை எஸ்எஸ்எச் உலகம் முழுமையாகப் பின்பற்ற இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

பாஸ்டியன் ஹோஸ்ட் என்றும் ஜம்ப் ஹோஸ்ட் என்றும் நிர்வாகிகள் சொல்வது இந்த வாசல் கணினியைத்தான். உள்ளே நூறு சர்வர்கள் இருந்தாலும், வெளியிலிருந்து எட்டக்கூடியது இது ஒன்றே. எனவே உள்ளே ஒரு கட்டளையை இயக்க, முதலில் வாசலுக்கு எஸ்எஸ்எச் செய்து, அங்கிருந்து மறுபடி எஸ்எஸ்எச் செய்தார்கள். ஒரே வரியிலும் இதை எழுதலாம்: ‘எஸ்எஸ்எச் வாசல் எஸ்எஸ்எச் உள்சர்வர் கட்டளை’. பார்ப்பதற்கு எளிமை. இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பதிவேடுகள் இருக்கும் கோப்புறைக்குப் போய், பழைய கோப்புகளை அழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கட்டளைகள், நடுவில் ஓர் அரைப்புள்ளி, இரண்டையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் போடுகிறோம். நம் கணினியின் ஷெல், அதாவது கட்டளையைப் படித்து நிறைவேற்றும் நிரல், அந்த மேற்கோள் குறிகளை உரித்துவிட்டு உள்ளிருப்பதை எஸ்எஸ்எச்சிடம் கொடுக்கும். எஸ்எஸ்எச் சொற்களை இடைவெளி விட்டு ஒரே வரியாகச் சேர்த்து வாசலுக்கு அனுப்பும். வாசலில் இன்னொரு ஷெல் அந்த வரியைப் புதிதாகப் படிக்கும். அதன் கண்ணில் இப்போது மேற்கோள் குறி இல்லை; அரைப்புள்ளி மட்டும் இருக்கிறது. எனவே அது வரியை அங்கேயே இரண்டாக வெட்டும். ‘உள்சர்வரில் கோப்புறைக்குப் போ’ என்பது உள்சர்வரில் நடக்கும். ‘பழைய கோப்புகளை அழி’ என்பது வாசல் கணினியிலேயே நடந்துவிடும்.

கட்டளையை எழுதியவர் மனதில் ஒரு சர்வர். அழிவு நடந்தது வேறொரு சர்வரில். இதைத் தவிர்க்க மேற்கோள் குறிக்குள் மேற்கோள் குறி, அதற்கு முன் ஒரு பின்சாய்வுக் கோடு என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். மூன்றாவது கணினி சேர்ந்தால் இன்னோர் அடுக்கு. நடுவில் இருப்பது நம் கட்டளையைக் கடத்தாமல், தானே படித்துப் பொருள் கொள்கிறது என்பதுதான் சிக்கலின் வேர்.

கடன் கொடுத்த அதிகாரம்

அதைவிடப் பெரிய சிக்கல் சாவியில், அதாவது எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டுக்குப் பதிலாக நம்மை அடையாளம் காட்டும் ரகசியக் கோப்பில், இருந்தது. வாசலிலிருந்து உள்சர்வருக்குப் போக, உள்சர்வர் ஏற்கும் சாவி வாசலில் இருக்க வேண்டும். தனிச்சாவியை அங்கே வைத்தால், வாசலைப் பிடித்தவனுக்குச் சாவியும் கிடைத்துவிடும். இதற்கு மாற்றாக வந்ததுதான் ஏஜென்ட் ஃபார்வர்டிங். சாவி நம் கணினியில் ஏஜென்ட் என்ற நிரலிடமே இருக்கும். உள்சர்வர் ‘நீ யார், நிரூபி’ என்று கேட்கும்போது, வாசல் கணினி அந்தக் கேள்வியை நம் ஏஜென்டுக்குத் திருப்பி அனுப்பிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளும்.

சாவி வெளியே போகாது என்பது உண்மை. ஆனால் ஏஜென்டுக்குப் போகும் பாதை, வாசல் கணினியில் ஒரு சாக்கெட் கோப்பாக இருக்கிறது. நம் இணைப்பு நீடிக்கும்வரை, அங்கே ரூட் அதிகாரம் உள்ள எவரும் அதைத் திறந்து, நம் பெயரில் எந்தச் சர்வருக்கும் கையொப்பம் வாங்கலாம். ஓபன்எஸ்எஸ்எச்சின் கையேடே இதை எச்சரிக்கையாகச் சொல்கிறது. வசதியாக இருந்ததால் பலர் தங்கள் கான்ஃபிக் கோப்பில் எல்லாச் சர்வருக்கும் பொதுவாக ‘ஃபார்வர்ட்ஏஜென்ட் யெஸ்’ என்று எழுதி வைத்துவிட்டு மறந்துபோனார்கள்.

கடத்துவது மட்டுமே வேலை

சரியான விடை வெகுநாளாகக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. வாசலில் போய் உட்கார வேண்டியதில்லை. ‘உள்சர்வரின் 22-ஆம் போர்ட்டுக்கு ஓர் இணைப்பைத் திற, இருபுறமும் வருவதை அப்படியே கடத்து’ என்று மட்டும் வாசலிடம் கேட்டால் போதும். அந்தக் குழாய்க்குள், நம் கணினியும் உள்சர்வரும் நேருக்கு நேர் புதிதாக ஓர் எஸ்எஸ்எச் இணைப்பை அமைத்துக்கொள்ளும். முத்திரையிட்ட உறையைக் கொண்டுபோகும் தபால்காரரின் வேலைதான் வாசலுக்கு மிச்சம்.

முதலில் இதைப் பிராக்ஸிகமாண்ட் என்ற அமைப்பின் வழியே செய்தார்கள். அதற்கு வாசலில் நெட்கேட் போன்ற நிரல் ஒன்று இருக்க வேண்டியிருந்தது. 2010 மார்ச்சில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 5.4, ‘-டபிள்யூ’ என்ற விருப்பத்தைச் சேர்த்து அந்தத் தேவையை நீக்கியது. 2016 ஆகஸ்டில் வந்த 7.3 பதிப்பு அதைப் பிராக்ஸிஜம்ப் என்ற ஒரே சொல்லாக, ‘-ஜே’ என்ற ஒரே எழுத்தாகச் சுருக்கியது. ‘எஸ்எஸ்எச் -ஜே வாசல் உள்சர்வர் கட்டளை’ என்று எழுதினால் வேலை முடிந்தது. வாசல்கள் இரண்டு மூன்று என்றாலும் காற்புள்ளி இட்டு அடுக்கலாம்.

இதில் என்ன மாறுகிறது என்று பாருங்கள். உள்சர்வர் உண்மையானதுதானா என்பதை, அதை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் சாவியை வைத்து நம் கணினியே சரிபார்க்கிறது. நம் தனிச்சாவியும் ஏஜென்டும் வாசல் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. மறுமுனையில் கட்டளையைப் படிப்பது ஒரே ஒரு ஷெல். அரைப்புள்ளியை நடுவில் வெட்ட அங்கே ஆள் இல்லை. யார், எப்போது, எந்தச் சர்வரோடு, எவ்வளவு தரவு பரிமாறினார் என்பது வாசலுக்குத் தெரியும்; உள்ளடக்கம் தெரியாது. ஸ்டோலின் பிரின்டரை அங்கே மாட்டியிருந்தால், பொருளற்ற எழுத்துகளே அச்சாகியிருக்கும்.

ஆனால் நல்ல வழி வந்துவிட்டது என்பதற்காகப் பழைய பழக்கம் போய்விடவில்லை. 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் டாட் ஆர்க் என்ற திறந்தமூலத் தகவல்தொடர்புத் திட்டத்தின் சர்வர்கள் ஊடுருவப்பட்டது தெரியவந்தது. பழுது நீக்கப்படாத ஜென்கின்ஸ் மென்பொருள் வழியாக உள்ளே வந்தவர், அந்தக் கணினிக்கு ஏஜென்ட் ஃபார்வர்டிங்கோடு லாகின் செய்த ஒரு பொறியாளரின் ஏஜென்டைப் பயன்படுத்தி மற்ற சர்வர்களுக்குப் பரவினார். பிராக்ஸிஜம்ப் வந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. நடந்ததை அந்தத் திட்டத்தினர் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மையால் மற்றவர்களுக்குப் பாடம் கிடைத்தது.

2022 பிப்ரவரியில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.9, எந்தச் சாவியை எந்த வழியாக எந்தச் சர்வருக்குப் பயன்படுத்தலாம் என்று ஏஜென்டுக்கு வரம்பு கட்டும் வசதியைத் தந்தது. ஃபார்வர்டிங்கைத் தவிர்க்கவே முடியாதவர்களுக்கு அது ஒரு துணை.

1983-இல் நடுக்கணினியை முழுதாக நம்பினோம். 1995-இல் வழியில் ஒட்டுக்கேட்பவரைத் தடுத்தோம். நடுக்கணினியை மட்டும் தொடர்ந்து நம்பினோம். பிறகு அதற்கு நம் கையொப்பத்தைக் கடன் கொடுத்தோம். கடைசியில்தான், இரு முனைகளும் தங்களுக்குள் நம்பிக்கையை வைத்துக்கொண்டு, நடுவில் இருப்பதற்குக் கடத்தும் வேலையை மட்டும் தர வேண்டும் என்ற இடத்துக்கு வந்தோம். செஸ்விக் 1990-இல் சொன்னதும் இதைத்தான்: வாசல் என்றாவது பிடிபடும் என்று வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை அமையுங்கள்.

சென்னையிலும் கோவையிலும் இரவுப் பணியில் உட்கார்ந்து, ஜம்ப் ஹோஸ்ட் வழியாக வேறு நாட்டுச் சர்வர்களைப் பராமரிக்கும் இளைஞர்கள் ஏராளம். இந்தத் தொடரை வாசிப்பவர்களில் அவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பை இன்றே திறந்து பாருங்கள். ‘ஃபார்வர்ட்ஏஜென்ட் யெஸ்’ என்ற வரி எல்லாச் சர்வருக்கும் பொதுவாக இருந்தால் அதை நீக்கிவிட்டு, தேவைப்படும் சர்வர்களுக்குப் பிராக்ஸிஜம்ப் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலைதான். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.